மார்க்கர் ஜெயிக்கக் கூடாது

மார்க்கர் என்று ஒரு உத்தியோகம் உண்டு. அதற்கு நன்றாக ஆடத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் நன்றாக ஆடிவிடக் கூடாது.

பூல் டேபிளைத் துடைத்து, பந்துகளை முக்கோணச் சட்டத்துக்குள் அடுக்கி, ஸ்கோர் எழுதி, ஜோடி இல்லாமல் தனியாக வருகிறவரோடு எதிரே நின்று ஆடி, அவர் மனசு கோணாமல் தோற்றுக் கொடுக்கிற ஆளுக்குத்தான் மார்க்கர் என்று பெயர். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துத் தன் கையை அடக்கிக்கொள்கிற எல்லாரும் என் கூட்டம்தான். நாற்பதாவது புடவையையும் சிரித்துக்கொண்டே பிரித்துப் போடுகிற துணிக்கடைக்காரர், டிரைவிங் தெரியாத முதலாளி பின்சீட்டில் இருந்து டிரைவிங் சொல்லித் தர, தலையாட்டிக்கொண்டே ஓட்டுகிற டிரைவர், இப்படி எத்தனையோ பேர். உங்களுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு நான் விளக்கப் போவதும் இல்லை.

தோற்கத் தெரியாதவன்

இருபத்து மூன்று வயதில் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் இருந்து ரெண்டு பஸ் மாறி தெற்கே ஒரு கிளப்புக்கு வேலைக்குப் போனேன். பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே உறுப்பினர்களுக்குத் தனி வாசல், எங்களுக்குத் தனி வாசல், தண்ணீர் குடிக்கிற டம்ளர்கூட வேறே. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், ஏனென்றால் அந்த டேபிள் அப்படிப்பட்ட டேபிள். காலையில் யாரும் வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அது எனக்கு மட்டும்தான். ஆட்டத்தை நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு மணி நேரத்தில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு உறுப்பினர் தன் சம்பந்தி வீட்டாரைக் கூட்டி வந்தார். தான் ஆடுவதை அவர்களுக்குக் காட்ட வேண்டும், எதிரே நிற்க நான். முதல் கேமைத் தோற்றுக் கொடுத்தேன். இரண்டாவதில் ஒரு பந்து டேபிளின் ஓரச் சுவரை ஒட்டி அழகாக வந்து நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குச் சம்பந்தி, மாமியார் எல்லாம் மறந்துவிட்டது. வரிசையாக நாலு கேம் ஜெயித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். உறுப்பினர் ஸ்டிக்கை டேபிள் மேலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

கிளப் செக்ரட்டரி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். எப்போதும் வெள்ளை ஷூ போட்டிருப்பார். ஆறு வருஷமாக அவரிடம் வேலை பார்த்தும் என் பெயர் கௌதமன் என்று அவருக்குத் தெரியாது. கோபப்படவே இல்லை, கணக்குப் பாடம் சொல்லித் தருகிற மாதிரி நிதானமாகத்தான் சொன்னார். அந்த வாரமே நான் வேலையை விட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "மார்க்கர், உன்ன ஆடறதுக்கு வைக்கல. மெம்பர்ஸ ஆட வைக்கறதுக்கு வெச்சிருக்கோம்."

உப்புக் காற்று

பிறகு திருவொற்றியூரில் ஒரு பார்லருக்கு வந்தேன். கீழே லேத் பட்டறை, மேலே மூன்று பூல் டேபிள். மார்க்கர், மேனேஜர், கூட்டிப் பெருக்குகிறவன் எல்லாம் நானே. இங்கே ஒரே வாசல்தான். கிளப்பில் இல்லாத ஒரே தொல்லை காற்று. கிழக்கே இருந்து உப்பு வரும், காற்று திரும்பினால் எண்ணூர் பக்கமிருந்து சாம்பல் வரும். டேபிள் துணியைத் தினம் காலையில் இஸ்திரி போட்டால்தான் பந்து ஓடும்.

ஸ்டிக் விஷயம் இன்னும் மோசம். நல்ல ஸ்டிக் இரண்டு துண்டாக வரும், நடுவில் மரையால் திருகிப் பொருத்த வேண்டும். எங்கள் ஊர்க் காற்றில் அந்த மரை ஒரே நாளில் துருப் பூத்துவிடும். கன்டெய்னர் லாரி டிரைவர் ஒருவர் ஆசை ஆசையாக ஒரு வெளிநாட்டு ஸ்டிக் வாங்கி வந்து, மாட்டினது மாட்டினபடி பத்து நாள் சுவரில் சாத்திவிட்டு நாக்பூர் போய்விட்டார். திரும்பி வந்து திருகினால் அசையவில்லை. கீழே பட்டறைக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். லேத் பாஷா பாய் அதைப் பிடிப்பில் மாட்டி, எண்ணெய் விட்டு, மெதுவாகத் தட்டித் தட்டி அரை நாளில் பிரித்தார்.

அன்றைக்கு எனக்கு வந்த பழக்கம் இன்றுவரை போகவில்லை. எதிராளி அடிக்கப் போனதும் நான் உட்கார்ந்து ஸ்டிக்கைக் கழட்டுவேன், மரையைத் துணியால் துடைப்பேன், மறுபடி மாட்டுவேன். என்னைப் பார்த்துக் கடைக்கு வருகிற எல்லாரும் அப்படியே செய்வார்கள். எங்கள் பக்கம் அது மூக்கைத் துடைக்கிற மாதிரி, யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். கற்றுக் கொடுத்தது பாஷா பாய்தான்: "இரும்புக்கு கிளப்பும் தெரியாது, பார்லரும் தெரியாது மாமு. கயட்டி கயட்டித் தொடச்சிகினே இரு, இல்லாங்காட்டி பேஜாரு."

மீன் வாடை

எல்லப்பனுக்கு முகத்துவாரக்குப்பம். விடியற்காலையில் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போய், பத்து மணிக்குள் மீனை இறக்கிக் கொடுத்துவிட்டு, பதினொரு மணிக்கு நேராக என் கடைக்கு வருவான். முகம் மட்டும் கழுவியிருப்பான். முதல் நாள் அவன் டேபிள் மேல் குனிந்ததைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆடுகிற படகில் நின்று பழகின கால் தரையில் நின்றால் ஆணி அடித்தது போல நிற்கும். கால் அசையாதவனுக்குக் கை தானாக வரும்.

கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர், வாசனைச் சட்டையும் இஸ்திரிப் பேன்ட்டுமாக, மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். அந்த ஆளை வெளியே அனுப்பு, இல்லையென்றால் நான் வரமாட்டேன் என்றார். கிளப்பில் இருந்திருந்தால் நான் அனுப்பியிருப்பேன். இங்கே நான் எல்லப்பனிடம், "சார் உன்கூட ஆடணுமாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டேன். ஐந்து கேம் ஆடினார்கள். ஐந்திலும் சார் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தார். ஐந்தாவது முடிந்ததும் எழுந்து போய் எல்லப்பன் பக்கத்திலேயே நின்றார். மூக்கு எப்போது சரியானது என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னது: "இன்னா வாடை? எனுக்கு ஒண்ணும் வர்லியே. தம்பி, ஞாயித்துக்கெயம டபுள்ஸ்ல என்கூட நிக்கிறியா?"

சைகை

அவர் கேட்பதற்கு முன்னாலேயே டபுள்ஸில் எல்லப்பன் என் ஜோடியாகிவிட்டான். டபுள்ஸ் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒன்று முதல் ஒன்பது வரை பந்து. ஸ்டிக்கால் அடிக்கிற வெள்ளைப் பந்து, டேபிளில் மிச்சம் இருப்பதில் சின்ன எண்ணைத்தான் முதலில் தொட வேண்டும். ஒன்பதைக் குழியில் போடுகிறவருக்குக் கேம். ஜோடியாக ஆடும்போது ஒரு அடி நான், அடுத்த அடி அவன். எனவே நான் பந்தைப் போட்டால் மட்டும் போதாது, அவன் அடிக்கத் தோதாக வெள்ளைப் பந்தை நிறுத்தவும் வேண்டும். எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்கள் டபுள்ஸில் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் சண்டை போட்டதில்லை, ஏனென்றால் பேசினால்தானே சண்டை. கீழே லேத் ஓடினால் மேலே நாம் கத்துவது நமக்கே கேட்காது. எல்லப்பன் படகில் பழகின சைகையைக் கொண்டுவந்தான். படகில் முன்னால் நிற்கிறவன் வலையைப் பார்த்துக் கை காட்டுவான், பின்னால் இன்ஜினைப் பிடித்திருப்பவன் அதைப் பார்த்து ஓட்டுவான். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் மெதுவாக. விரலை மடக்கினால் அங்கேயே நிறுத்து. முழங்கையைத் தட்டினால் கரையை ஒட்டி வா. மூன்று மாதத்தில் எனக்கும் பழகிவிட்டது. ஒரு வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாடிப்படியில் இறங்கும்போது கேட்டார்: "நைனா, நீங்க ரெண்டு பேரும் ஆடிகினு கீறீங்களா, இல்ல காசிமேட்டுக்குப் போட்டு ஓட்டிகினு கீறீங்களா?"

கதவு

நாடுகளுக்கு இடையே நடக்கிற டபுள்ஸ் பூல் போட்டி ஒன்று நம் சென்னைக்கு வந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ஜோடி. நடத்துகிற நாட்டுக்கு மட்டும் கூடுதலாக இன்னொரு ஜோடி. அந்த இரண்டாவது ஜோடியை, கிளப், பார்லர் என்று பார்க்காமல் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளும் தேர்வு வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நானும் எல்லப்பனும் போனோம். நாலு நாள் ஆடினோம். கிளப் ஜோடிகளை எல்லாம் வரிசையாக வீட்டுக்கு அனுப்பினோம். மேலே ஏசி ஓடுகிற சத்தம் தவிர தேர்வு நடந்த ஹாலில் வேறு சத்தம் இல்லை.

இங்கே நடத்தியவர்களில் ஒருவராக அதே வெள்ளை ஷூ செக்ரட்டரி உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது, ஷூ மட்டும் அப்படியே வெள்ளை. கையெழுத்து வாங்குகிற மேஜையில் என்னைப் பார்த்து, "மார்க்கர் தானே நீ" என்றார். பிறகு விஷயத்தைச் சொன்னார். இந்தத் திறந்த தேர்வே ஒரு பரீட்சைதானாம். முதல் மேட்ச்சிலேயே நாங்கள் தோற்றால், பார்லர் ஆட்கள் அந்தத் தரத்துக்கு இல்லை என்று எழுதி, அடுத்த முறையில் இருந்து கிளப் உறுப்பினர்களுக்கு மட்டும் தேர்வு வைப்பார்களாம். தீர்மானம் தயாராக இருக்கிறது, கையெழுத்துதான் பாக்கி என்றார்.

ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரை ஒவ்வொரு பார்லரிலும் ஆடத் தெரிந்த ஒரு ஆளாவது உண்டு. என் கடையிலேயே ரேவதி இருக்கிறாள். விம்கோ நகரில் வீடு, எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. ஷிப்ட் முடிந்து நேராக வந்து என்னை மூன்று முறை தோற்கடித்தவள். நான் தோற்றுக் கொடுக்கவில்லை, உண்மையாகவே தோற்றேன். எங்களுக்கு முன்னால் சாத்தின கதவு என்றால் பரவாயில்லை, பழக்கம்தான். எங்களாலேயே சாத்தப்படுகிற கதவு என்றால் அதை எப்படித் தாங்குவது. தேர்வில் அவளும் ஆடினாள், ஜோடி சரியில்லாமல் இரண்டாம் நாளே வெளியே வந்தாள். நான் செக்ரட்டரி சொன்னதைச் சொன்னதும் ஸ்டிக்கைக் கழட்டித் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க கப்பு ஒண்ணும் எட்த்துகினு வர வாணாம்ண்ணா. எனுக்குக் கதவு தொறந்துகினு இருந்தா போதும்."

இன்றைக்கு அது எங்கள் வேலை

போட்டி நாள். நாட்டுக்கொடி குத்தின நீலச் சட்டை கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு முன்வாசலுக்குப் போனால் செக்யூரிட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, டேபிள் வேலைக்கு வந்தவர்கள் பின்பக்கம் என்றார். இருபது வருஷமாக முகத்தில் ஒட்டிப்போன வேலை, சட்டையால் மறையுமா. எல்லப்பன் சண்டைக்குப் போகப் பார்த்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, செக்யூரிட்டி நகர்கிற வரைக்கும் அந்த முன்வாசலிலேயே நின்றேன். கால் மணி நேரம் ஆனது. நகர்ந்தார்.

எங்களுக்கு விழுந்தது போலந்து ஜோடி. ஒருவர் நெட்டை, இன்னொருவர் தாடி. முதலில் ஏழு கேம் ஜெயிப்பவர்களுக்கு மேட்ச். முதல் கேமை அவர்கள் எடுத்தார்கள். அது முடிந்ததும் நான் எழுந்து போய், குழிகளில் இருந்து பந்துகளை எடுத்து, முக்கோணச் சட்டத்தைத் தேடி எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டேன். என் கை எனக்கே தெரியாமல் செய்தது. ஹாலில் சிரிப்பு எழுந்தது. முதல் வரிசையில் வெள்ளை ஷூவும் சிரித்தது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் பாதியில் விடாமல் ஒழுங்காக அடுக்கி முடித்தேன். அந்த ஹாலில் அன்றைக்கு அடுக்கினதிலேயே நெருக்கமான அடுக்கு அதுதான், சந்தேகம் இருந்தால் போலந்துக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

ரெஃப்ரீ ஒரு பெங்களூர் அம்மா. தமிழ் நன்றாகப் பேசுவார். கிட்டே வந்து, சிரிக்காமல், என் கையில் இருந்து சட்டத்தை வாங்கிக்கொண்டு, அத்தனை வருஷத்தில் ஒரு டேபிள் பக்கத்தில் யாரும் எனக்குச் சொல்லாததைச் சொன்னார்: "சார், நீங்க போய் உட்காருங்க. இன்னிக்கு இது எங்க வேலை."

துடைத்தேன்

அதன்பிறகு ஆடினோம். நான் சொல்வது பெருமைக்கு இல்லை, நடந்தது அப்படி. எல்லப்பன் உள்ளங்கையை அமுக்கினால் நான் மெதுவாக விட்டேன், விரலை மடக்கினால் வெள்ளை அங்கேயே நின்றது. போலந்து ஜோடி ஒருவர் காதில் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டு, நடுநடுவே எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆறுக்கு ஐந்து என்று முன்னால் இருந்தோம். இன்னும் ஒரே ஒரு கேம்.

அந்தக் கேமில் எட்டும் ஒன்பதும் மட்டும் மிச்சம். எல்லப்பன் அடித்தது குழியில் விழவில்லை, ஆனால் அவன் வெள்ளையை நிறுத்தின இடம் இருக்கிறதே, அது பெரிய வேலை. வெள்ளைக்கும் எட்டுக்கும் நடுவில் ஒன்பது மறித்துக்கொண்டு நின்றது. தாடிக்காரர் டேபிளை இரண்டு முறை சுற்றி வந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி சுற்றினார். அவருக்கு வழியே இல்லை. அவர் தவறவிட்டால் அடுத்து நான், எட்டு, எல்லப்பன், ஒன்பது, கதை முடிந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

அதுவரை ஆட்டம் ஓடின வேகத்தில் என் கைக்கு நேரமே கிடைக்கவில்லை, இப்போது காத்திருந்த கை என்ன செய்யும். ஸ்டிக்கைக் கழட்டி மரையைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஏசி ஹாலில் உப்பு ஏது, சாம்பல் ஏது. கைக்கு அது தெரியவில்லை.

ரெஃப்ரீ அம்மா திரும்பிப் பார்த்தார். முகம் மாறியது. "சார், கேமை விட்டுக் கொடுத்துட்டீங்களா?" என்றார். இல்லம்மா, துடைத்தேன் என்றேன். அவர் இன்னொரு ரெஃப்ரீயிடம் போய்ப் பேசினார், புத்தகத்தைப் புரட்டினார், திரும்பி வந்து என் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னார். எதிராளி ஆடிக்கொண்டிருக்கும்போது ஸ்டிக்கைக் கழட்டினால், நான் தோற்றேன், நீயே எடுத்துக்கொள் என்று அர்த்தமாம். உலகம் பூராவும் அப்படித்தானாம். எங்கள் பார்லரில் தினம் நாற்பது பேர் கழட்டுகிறோம், அது யாருக்கும் தெரியாது. தேர்வு ஆட்டங்களில் ரெஃப்ரீயே இல்லை, அங்கே நான் கழட்டினதை யாரும் கேட்கவும் இல்லை. தாடிக்காரர்கூட வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார், நான் ஆடுகிறேன் என்று டேபிளைக் காட்டினார். ரூல் அவருடைய கையிலும் இல்லை. கேம் அவர்களுக்குப் போனது. ஆறுக்கு ஆறு.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, அதுவும் என் கை மேலேயே. ரேவதிக்கு என்ன பதில் சொல்வேன் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளையில் செக்ரட்டரி தடுப்புக் கயிறு வரைக்கும் நடந்து வந்தார். பழைய வராந்தாக் குரல் கொஞ்சமும் மாறவில்லை: "நான் என்ன பண்ண முடியும் மார்க்கர்? ரூல் ரூல்தான்."

போட்டுவிட்டே வருகிறேன்

எல்லப்பன் என்னைத் திட்டவில்லை. என் ஸ்டிக்கை வாங்கி, அவனே இறுக்கி மாட்டி, என் மடியில் வைத்தான். "வுடுண்ணா. ஒரு வல அறுந்துச்சி. போட்டுல இன்னொரு வல கீதுல்ல" என்றான். அவ்வளவுதான் அவன் பேசினது. அதற்குப் பிறகு வெறும் கைதான்.

கடைசிக் கேம். நாங்கள்தான் முதல் அடி அடித்து அடுக்கை உடைத்தோம். உடைத்ததிலேயே இரண்டு பந்து விழுந்தது. அதன்பின் நான் ஒன்று, அவன் ஒன்று, நான் ஒன்று. ஆறாவது பந்தை எல்லப்பன் தவறவிட்டான். நெட்டைக்காரருக்குக் கைநீளம் இருந்தும் அது எட்டவில்லை, வெள்ளை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடி எங்கள் கைக்கு வந்தது. ஆறு நான், ஏழு அவன். ஏழைப் போட்டுவிட்டு முழங்கையைத் தட்டிக் காட்டினான், கரையை ஒட்டி வா. எட்டைப் போட்டு, வெள்ளையைச் சுவரை ஒட்டியே உருட்டிக் கொண்டுவந்து நிறுத்தினேன். குழிக்கு ஒரு சாண் தூரத்தில் ஒன்பது. அதற்கு நேர் பின்னால் வெள்ளை. ரேவதி கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவாள்.

எல்லப்பன் குனிந்தான். அப்போது தாடிக்காரர் நாற்காலியில் இருந்தபடியே தன் ஸ்டிக்கைக் கழட்டினார். அவசரமே இல்லாமல், நான் பார்க்கும்படி, இரண்டு துண்டையும் மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இலவசமாக வந்த கேம் அவரை உறுத்தியிருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ரெஃப்ரீ அம்மா கையைத் தூக்கினார். மேட்ச் முடிந்தது, இந்தியா இரண்டாவது ஜோடிக்கு வெற்றி என்று மைக்கில் சொன்னார்கள். ஹால் எழுந்து கைதட்டியது.

எல்லப்பன் நிமிரவே இல்லை. "இர்ரும்மா. சும்மா குட்த்தா எனுக்கு வாணாம். போட்டுட்டே வரேன்" என்றான். நான் விரலை மடக்கிக் காட்டினேன், நிறுத்து, நிறுத்து. அவன் என் கையைப் பார்த்தால்தானே. அடித்தான். ஒன்பது குழியின் இந்த உதட்டில் இடித்து, அந்த உதட்டில் இடித்து, வாயிலேயே வந்து நின்றது. விழவில்லை.

கைதட்டல் அப்படியே அடங்கிவிட்டது. முதலில் சிரித்தவர் தாடிக்காரர். அப்புறம் நெட்டை, அப்புறம் ரெஃப்ரீ அம்மா வாயைப் பொத்திக்கொண்டு. ஜெயித்த மேட்ச்சில் ஒருவனால் இவ்வளவு பயமுறுத்த முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

செக்ரட்டரி கயிற்றைத் தாண்டியே வந்துவிட்டார். வெள்ளை ஷூ அந்தக் கம்பளத்தில் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, குழியின் வாயில் நிற்கிற ஒன்பதைத்தான் பார்த்தார். "நியாயமாப் பாத்தா அந்தப் பந்து உள்ள போகவே இல்லையே. இதை எப்படி ஜெயிச்சதா எடுத்துக்கறது" என்றார். தீர்மானத்தில் இன்னும் கையெழுத்துப் போடலாம் என்கிற நினைப்பு அவர் முகத்தில் இருந்தது. நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், எல்லப்பன் டேபிளில் இருந்து அந்தப் பந்தை எடுத்துத் தன் நீலச் சட்டையில் நன்றாகத் துடைத்து, அவர் கையில் வைத்தான். குரலை உயர்த்தவில்லை, அவர் என்னிடம் பேசின அதே நிதானத்தில் பேசினான்: "நாங்க இன்னா பண்ண முடியும் சார்? ரூல் ரூல்தான்."

மறுநாள் அடுத்த ரவுண்டில் முறைப்படி தோற்று வீடு வந்து சேர்ந்தோம், ஆனால் முதல் மேட்ச்சை ஜெயித்ததால் அந்தத் தீர்மானத்தில் கையெழுத்து விழவில்லை. ரேவதி இப்போது ஷிப்ட் முடிந்ததும் எல்லப்பனின் சைகைகளைக் கற்றுக்கொண்டு ஸ்டிக்கைக் கழட்டாமல் ஆடிப் பழகுகிறாள், ஆக எங்களை வெளியே தள்ள வேண்டுமென்றால் அவர்கள் இனி வேறு ரூல்தான் தேட வேண்டும்.